கானக மலர் வரைந்த அம்மையார்

மலருக்குத் தமிழர் இட்ட பெயர்கள் பல. தோன்றும் நிலையில் அஃது அரும்பு, முகிழ்க்கும் நிலையில் முகை, விரியும் பருவத்தில் போது, விரிந்தபின் மலர், வாடும் நிலையில் வீ, வதங்கிய நிலையில் செம்மல். பொருள் ஒன்று, பெயர் ஆறு. ஒரு பொருளை நாள்தோறும் ஊன்றி நோக்குவார்க்கே அதன் நிலைதோறும் வேறு பெயர் இடத் தோன்றும். கடைக்கண்ணால் பார்த்துச் செல்வார்க்கு அரும்பும் ஒன்றே, செம்மலும் ஒன்றே.

சொல்லால் மலரை இவ்வாறு நுணுகி நோக்கியவர் இருந்தனர். தூரிகையால் நுணுகி நோக்கியவரும் உளர். அவரே தாவர ஓவியர் எனப்படுவர். ஏனைய ஓவியர் மலரைத் தம் கருத்திற்கு ஏற்ப மாற்றிக் கொள்ளலாம், இதழைக் கூட்டலாம், நிறத்தை மிகுக்கலாம். தாவர ஓவியர்க்கு அவ்வுரிமை இல்லை. இதழ் ஐந்தாயின் ஐந்தே வரைதல் வேண்டும். இலையின் நரம்பு எவ்வழி ஓடுகின்றதோ அவ்வழியே கோடும் ஓடுதல் வேண்டும். அறிஞர் அப்படத்தைக் கொண்டு ‘இச்செடி இன்னது’ என்று துணிவர். ஆதலின் படத்தில் பிழை புகுமாயின் அறிவிலும் பிழை புகும். அளவு மட்டும் சரியாக அமைந்து, உயிர்ப்பு இல்லாது போயினும் அஃது ஓவியம் ஆகாது. மெய்ம்மையும் அழகும் ஒருங்கே நிற்கவேண்டிய அரிய கலை இது.

இக்கலைக்குத் தம் வாழ்வின் பிற்பாதி முழுவதையும் அளித்தவர் மார்கரெட் மீ அம்மையார். தென்னமெரிக்காவில், பிரேசில் நாட்டின் பெருங்காடுகளில் தாமாகவே பூத்து, தாமாகவே உதிரும் மலர்களைத் தேடிச் சென்று, அவை நின்ற இடத்திலேயே கண்டு வரைந்தவர் அவர்.

இளமையும் தொழிலும்

மார்கரெட் 1909ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் இங்கிலாந்தில், பக்கிங்காம்சயரைச் சேர்ந்த செஷாம் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே ஓவியத்தில் நாட்டம் கொண்டு, வாட்போர்டு நகரத்துக் கலைப்பள்ளியில் பயின்றார். சில காலம் ஆசிரியப் பணியும் புரிந்தார்.

ஆயினும், அவர் தூரிகை ஒன்றையே உலகமாகக் கொண்டு வாழ்ந்தவர் அல்லர். 1933ஆம் ஆண்டில் செருமனி நாட்டில் இருந்தபொழுது, பெர்லின் நகரத்து நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்த காலத்தையும், யூத மக்கள் மீது கொடுமை தலைதூக்கியதையும் நேரிற் கண்டார். கொடுமையைக் கண்டும் வாய் மூடியிருத்தல் அவர் இயல்பன்று. தாயகம் திரும்பித் தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டார். 1937ஆம் ஆண்டு கூடிய தொழிற்சங்கப் பேராயத்தில், சிறுவர் பள்ளியை விட்டு நீங்கும் வயதை உயர்த்தவேண்டும் என்று பேசினார். அப்பொழுது அவர்க்கு வயது 28.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, ஹாட்பீல்டு என்னும் ஊரில் இருந்த டி ஹாவிலாண்டு வானூர்தித் தொழிற்சாலையில் வரைபடக்காரராக அமர்ந்தார். வானூர்தி வரைபடத்தில் ஒரு மயிரிழை பிழைப்பினும் ஓர் உயிர் பிழையாது. மலருக்கும் வானூர்திக்கும் தொடர்பு யாது என்று வினவத் தோன்றும். அளவு தவறாது கோடு இழுக்கும் பழக்கமும், ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லுக்கு இடம் கொடாத மனமும் பின்னாளில் அவர்தம் மலரோவியங்களில் நின்று விளங்கின. கற்றது எதுவும் வீண்போவதில்லை.

போர் முடிந்தபின், முப்பது வயதைக் கடந்த நிலையில், அவர் மீண்டும் மாணவரானார். இலண்டனில் புனித மார்ட்டின் கலைப்பள்ளியிலும், பின்னர்க் கேம்பர்வெல் கலைப்பள்ளியிலும் ஓவியம் கற்றார். அங்கு விக்டர் பாஸ்மோர் என்னும் புகழ்பெற்ற ஓவியர் அவர்க்கு ஆசிரியராக வாய்த்தார். தம்மைப்போல் ஓவியராகிய கிரெவில் மீ என்பார் வாழ்க்கைத் துணைவராக அமைந்ததும் அக்காலத்தேயாம்.

புதிய நாடு

1952ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ நகரத்தில் வாழ்ந்த உடன்பிறந்தாள் நோயுற்றார். அவர்க்குத் துணையாயிருக்க மார்கரெட் அம்மையார் கடல் கடந்து சென்றார். பிணி தீர்க்கச் சென்றவர் அந்நாட்டிலேயே நிலைத்தார். அடுத்த 36 ஆண்டுகள் பிரேசிலே அவர்தம் இல்லமாயிற்று.

சாவோ பாவுலோவில் ஒரு பள்ளியில் ஓவியம் கற்பித்துக்கொண்டே, ஓய்வு நாள்களில் அருகிலிருந்த மலைக்காடுகளுக்குச் சென்றார். பிரேசிலின் கீழைக்கடற்கரையை ஒட்டிய மலைகளில் அட்லாண்டிக் காடு என்னும் மழைக்காடு பரந்திருந்தது. இங்கிலாந்தின் அடக்கமான புல்வெளிப் பூக்களைக் கண்டு வளர்ந்த கண்களுக்கு அக்காடு ஒரு புதுமையுலகம். மரத்தின் மேல் மற்றொரு செடி. அச்செடியின் மேல் பாசி. பாசியின் நடுவே ஒரு பூ. தரையில் வேரூன்றாது மரக்கிளைகளைப் பற்றி வாழும் தொற்றுத் தாவரங்கள் அங்கே மிகுதி. அவற்றுள் அம்மையாரின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை புரோமீலியா என்னும் செடிகள்.

நாம் உண்ணும் அன்னாசி, புரோமீலியாக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றில் இலைகள் ஒரு குவளைபோல் வட்டமாக அடுக்கியிருக்கும். அக்குவளையில் மழைநீர் தேங்கி நிற்கும். அந்நீரில் சிறு தவளைகளும் பூச்சிகளும் வாழும். ஒரு செடியே ஒரு குளமாக விளங்கும் வியப்பு அது.

இச்செடிகளை ஆராயும் அறிஞர்க்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. செடிகளைத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்திச் சேமிப்பது தாவரவியலார் வழக்கம். தடித்த இலைகளையுடைய புரோமீலியா, உலர்ந்தபின் உருவும் நிறமும் இழந்து சருகாய்விடும். உயிருள்ள செடியை உள்ளவாறு தீட்டித் தரும் கை அவர்க்குத் தேவைப்பட்டது. சாவோ பாவுலோ தாவரவியல் நிறுவனம் அம்மையாரின் திறமையை அறிந்து, அவரைப் படம் வரையும் பணியில் அமர்த்திக்கொண்டது. அமெரிக்க அறிஞர் லைமன் ஸ்மித், புரோமீலியாக் குடும்பத்தை ஆராய்வதில் தலைசிறந்தவர். அவர் எழுதிய நூலுக்கு அம்மையார் வரைந்த ஓவியங்கள் அணிசெய்ய, அந்நூல் 1969ஆம் ஆண்டு வெளிவந்தது.

அமேசான் பயணங்கள்

அருகிலிருந்த காடு அம்மையாருக்கு அமைதி தரவில்லை. அமேசான் பேராறு பாயும் பெருங்காடு அவரை அழைத்தது. 1956ஆம் ஆண்டு, தம் 47ஆம் வயதில், தோழி ஒருவருடன் முதன்முறையாக அமேசான் நாட்டுக்குப் புறப்பட்டார். ஏனையோர் ஓய்வை எண்ணத் தொடங்கும் பருவத்தில் அவர் தம் பெருந்தொழிலைத் தொடங்கினார். அதுமுதல் 1988ஆம் ஆண்டு வரை 32 ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட அமேசான் பயணங்கள் 15.

அக்காட்டில் ஆறே வழி, ஓடமே ஊர்தி. மரத்தைக் குடைந்து செய்த சிறு தோணியில், காட்டு மக்கள் ஓரிருவர் துணையாக வர, நாள் கணக்கில் செல்லவேண்டும். இரவில் இரு மரங்களுக்கிடையே கட்டிய தொங்கு படுக்கையில் துயிலவேண்டும். பகலில் கொசுவும் ஈயும் மொய்க்கும். மழை திடீரெனக் கொட்டும். இத்துணைக்கும் இடையே தாள் நனையாமலும் வண்ணம் கரையாமலும் காத்தல் வேண்டும். வைக்கோல் தொப்பி அணிந்த மெலிந்த உருவினராகிய அம்மையார், ஓவியப் பெட்டியைத் தம் உயிரினும் மேலாகப் பேணினார்.

இடையூறு விலங்குகளால் மட்டும் வருவதன்று. பொன் தேடிக் காட்டில் அலைந்த சிலர் ஒருமுறை குடிவெறியோடு அவர் தங்கியிருந்த குடிசைக்கு வந்து அச்சுறுத்தினர். அம்மையார் தம் காவலுக்கென வைத்திருந்த கைத்துப்பாக்கியை நீட்டி அசையாது நின்றார். வந்தவர் பின்வாங்கிச் சென்றனர். மெல்லிய மலரிதழை வரையும் அக்கை வேண்டியபோது உறுதியாகவும் நின்றது.

மலேரியாக் காய்ச்சலும் மஞ்சட் காமாலையும் அவரை வருத்தின. நோய் தீர்ந்ததும் அடுத்த பயணத்திற்கு ஆயத்தமானார். 1967ஆம் ஆண்டு, பிரேசிலின் மிக உயர்ந்த மலையாகிய பிக்கோ தா நெப்லினாவின் மேல் ஏற முயன்றார். அது 2,900 மீட்டருக்கு மேல் உயர்ந்து, வெனிசுவேலா நாட்டு எல்லையருகே பெரும்பாலும் முகில் மூடி நிற்பது. ‘மூடுபனியின் கொடுமுடி’ என்பதே அப்பெயரின் பொருள். இடையறாது பெய்த மழையால் உச்சியை எட்டாமல் திரும்ப நேர்ந்தது. எனினும் வெறுங்கையுடன் அவர் திரும்பவில்லை. மலைச்சாரலில் கண்ட செடிகளும் வரைந்த படங்களும் உடன் வந்தன.

அவர் பெரிதும் நாடிச் சென்றது ரியோ நீக்ரோ என்னும் ஆறு. அப்பெயருக்குக் ‘கரிய ஆறு’ என்பது பொருள். காட்டுச் சருகுகளின் சாறு ஊறி, அதன் நீர் கடுந்தேநீர் போல் கருத்திருக்கும். அவ்வாற்றங்கரையில் அவர்க்கு முன்னோடியாக விளங்கியவர் ரிச்சர்டு ஸ்புரூஸ் என்னும் ஆங்கிலத் தாவரவியலார். 1849ஆம் ஆண்டு அமேசானுக்கு வந்து, பல்லாண்டுகள் உழைத்தவர் அவர். அவர்தம் பயண நூலை அம்மையார் விரும்பிப் பயின்றார். அந்த ஸ்புரூஸ் தமிழ்நாட்டுக்கும் தொடர்புடையவரே. காய்ச்சல் மருந்தாகிய கொயினாவைத் தரும் சின்கோனா மரத்தின் விதைகளை 1860ஆம் ஆண்டு ஈக்குவடோர் நாட்டில் திரட்டி அனுப்பியவர் அவர். அவ்விதைகளினின்று வளர்ந்த மரங்கள் நம் நீலகிரியில் நடப்பட்டன.

வரைந்த முறை

அம்மையார் நிழற்படத்தைப் பார்த்து வரைபவர் அல்லர். உயிருள்ள செடியை நேரில் கண்டே வரைவார். நிழற்படக் கருவி இருக்க ஓவியம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. கருவி ஒரு கணத்தில் ஒரு பக்கத்தைக் காட்டும். ஓவியர் பல நாழிகை செடியின் முன் அமர்ந்து, முன்னும் பின்னும் நோக்கி, அரும்பையும் மலரையும் காயையும் ஒரே தாளில் அமைத்துக் காட்டுவார். நிழலில் மறைந்த காம்பும் அவர் தாளில் தெளிவாக நிற்கும். எது சிறப்பு, எது தற்செயல் என்று பகுத்தறிவது கண்ணுக்குப் பின்னிருக்கும் அறிவேயன்றிக் கருவியன்று.

முதலில் கரிக்கோலால் உருவை வரைவார். செடியின் உறுப்புகளை அளந்து குறிப்பார். நிறங்களை அவ்விடத்திலேயே தீட்டி வைப்பார். ஏனெனில் பறித்த மலரின் நிறம் ஒரு பொழுதில் மாறிவிடும். பின்னர் அக்குறிப்புகளைக் கொண்டு முழு ஓவியத்தை எழுதுவார். அவர் கையாண்டது குவாஷ் என்னும் ஒளிபுகா நீர்வண்ணம். கரிய நிறத்தின் மேலும் வெளிய நிறத்தை ஏற்றவல்லது அது. ஆதலின் இருண்ட இலையின் மேல் படிந்த வெண்பொடியையும், நிழலின் நடுவே ஒளிரும் இதழையும் அதனால் காட்ட முடிந்தது.

செடிகள் சிலவற்றை உயிருடன் கொணர்ந்து, தாவரவியல் நிறுவனங்களுக்கும், பிரேசிலின் பெயர்பெற்ற தோட்டக் கலைஞர் ரோபர்ட்டோ பூர்லே மார்க்ஸ் என்பார்க்கும் அளித்தார். அவற்றுள் சில அதுவரை அறிவியல் உலகம் அறியாதவையாக இருந்தன. அறிஞர் அவற்றிற்கு அம்மையாரின் பெயரையே சூட்டினர். எக்மியா மீயானா, நியோரெகேலியா மார்கரெட்டே என்பன புரோமீலியா வகைகள். சோப்ராலியா மார்கரிட்டே என்பது ஆர்க்கிட் வகை. கல்லில் பெயர் பொறிப்பார் உளர். அம்மையாரின் பெயரோ ஆண்டுதோறும் பூக்கின்றது.

காட்டுக்காகப் பேசிய தூரிகை

தொடக்க காலத்து ஓவியங்களில் செடி மட்டுமே வெண்டாளின் நடுவே நிற்கும். தாவர ஓவியத்தின் மரபு அது. பிற்காலத்து ஓவியங்களிலோ செடிக்குப் பின்னே காடு தோன்றுகிறது. கரிய நீரும், சாய்ந்த மரமும், தொங்கும் வேரும், மங்கிய வானமும் தோன்றுகின்றன. இம்மாற்றம் வெறும் அழகு கருதியதன்று. மரமின்றித் தொற்றுச் செடி இல்லை. வெள்ளமின்றி அம்மரம் இல்லை. பூச்சியின்றிக் காய் இல்லை. இடத்தினின்று பிரித்த செடி, வரியினின்று பிரித்த எழுத்தைப் போன்றது. அதன் வடிவம் நிற்கும், பொருள் நில்லாது. நெடுநாள் காட்டில் வாழ்ந்தவராகிய அம்மையார் இவ்வுண்மையை உணர்ந்தார்.

அதனை உணர்த்தியது இன்பம் மட்டுமன்று, துன்பமும் ஆகும். 1970ஆம் ஆண்டு அமேசான் காட்டின் ஊடே நெடுஞ்சாலை அமைக்கும் பணி தொடங்கியது. சாலையைத் தொடர்ந்து குடியேற்றமும், அதனைத் தொடர்ந்து மேய்ச்சல் நிலத்திற்காகக் காட்டை எரித்தலும் வந்தன. தாம் முன்னர்ச் செடி கண்ட கரைகளுக்கு மீண்டும் சென்றபோது, அம்மையார் பல இடங்களில் வெட்டுண்ட மரங்களையும் கரிந்த அடிக்கட்டைகளையுமே கண்டார். கரி சுடுவதற்காக ஆற்றங்கரை மரங்கள் வீழ்த்தப்பட்டிருந்தன. ஓவியம் இருந்தது, ஓவியத்திற்கு உரிய மலர் அவ்விடத்தில் இல்லை.

இளமையில் தொழிலாளர்க்காகப் பேசிய நா, முதுமையில் மரங்களுக்காகப் பேசியது. செய்தித்தாள்களிலும் கூட்டங்களிலும் காட்டழிவை அவர் அஞ்சாது கண்டித்தார். அமேசான் காடு அழிவதைப் பற்றி உலகம் பரவலாகப் பேசத் தொடங்குவதற்கு முன்பே எழுந்த குரல்களுள் அவருடையதும் ஒன்று. அக்குரலுக்கு வலிமை தந்தவை அவர்தம் ஓவியங்களே. ‘காடு அழிகிறது’ என்று சொல்வது ஒரு செய்தி. ‘இம்மலர் அழிகிறது’ என்று காட்டுவது உள்ளத்தைத் தொடும் சான்று. காணாத பொருளின் இழப்புக்கு எவரும் வருந்துவதில்லை. மக்களைக் காணச் செய்ததே அவர் ஆற்றிய தொண்டு.

நிலவு மலர்

அம்மையார் நெடுங்காலம் தேடிய மலர் ஒன்று உண்டு. அதனை ‘நிலவு மலர்’ என்பர். செலினிசீரியஸ் விட்டியை என்னும் பெயரால் தாவரவியலார் அதனை வழங்கினர். இன்று ஸ்ட்ரோபோகாக்டஸ் விட்டியை என வழங்குகின்றனர். அது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கள்ளி என்றவுடன் வறண்ட நிலமும் முள்ளும் நம் நினைவுக்கு வரும். இக்கள்ளியோ வெள்ளக்காட்டில் வாழ்வது.

ரியோ நீக்ரோவின் நீர்மட்டம் மனாவுஸ் நகரத்தருகே ஆண்டுதோறும் ஏறக்குறைய 10 மீட்டர் உயர்ந்து தாழும். வெள்ளக் காலத்தில் கரையோரக் காடு பல திங்கள் நீரில் நிற்கும். அம்மரங்களின் அடியில், இலைபோல் தட்டையான தண்டுகளால் பற்றிப் படர்ந்து வளர்வது நிலவு மலர்ச்செடி. அதன் வித்துகள் நீரில் மிதந்து வேறு மரங்களைச் சேரும். அதன் மலரோ வெண்ணிறமானது. நீண்ட குழல் வடிவானது. இருள் சூழும்போது விரிந்து, விடியுமுன் வாடத் தொடங்குவது. அந்நீண்ட குழலின் அடியிலுள்ள தேனை, நீண்ட உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சிகளே எட்டவல்லவை.

நம் நாட்டில் தொட்டியில் வளர்க்கும் நிசாகந்தி பூக்கும் இரவில், அண்டை அயலாரும் கூடி விழித்திருந்து காண்பர். அந்த நிசாகந்தியும் இக்குடும்பத்ததே. வீட்டு முற்றத்துப் பூவைக் காண ஓர் இரவு விழித்தல் எளிது. மனிதர் குடியிருப்பில்லாத வெள்ளக்காட்டில், எம்மரத்தில் எந்நாள் மலரும் என்று அறியாத பூவைத் தேடுதல் எளிதன்று. அம்மையார் சில பயணங்களில் அச்செடியைக் கண்டார். அது மலர்ந்து நின்ற நிலையை மட்டும் காணவில்லை. ஆண்டுகள் உருண்டன.

1988ஆம் ஆண்டு மே மாதம், தம் 79ஆம் பிறந்தநாளை ஒட்டி, நண்பர் சிலருடன் அவர் மீண்டும் புறப்பட்டார். அனவில்யானாஸ் என்னும் தீவுக் கூட்டத்தில், நீரில் நின்ற மரமொன்றில் அச்செடியைக் கண்டனர். அதில் போதுகள் இருந்தன. மரத்தருகே படகை நிறுத்தி, அதன் கூரைமேல் அமர்ந்து, தாளும் கரிக்கோலுமாக அம்மையார் காத்திருந்தார்.

பொழுது சாய்ந்தது. கைவிளக்கின் ஒளியில் அவர் போதை நோக்கிக்கொண்டிருந்தார். முதல் இதழ் அசைந்தது. பின்னர் மற்றோர் இதழ் அசைந்தது. விளக்கொளி மலர்ச்சியைத் தடுப்பதாக ஐயுற்று, அதனை அணைத்துவிட்டு நிலவொளியில் காத்திருந்தார். தாம் காணவேண்டும் என்பதினும் மலர் மலரவேண்டும் என்பதே அவர்க்குப் பெரிதாயிற்று. மலர் முழுதும் விரிந்தது. இனிய மணம் பரவியது. இரவெல்லாம் அவர் அதன் நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தார். போது மலராகி, மலர் வீயாகி, வீ செம்மலாகும் வாழ்வு முழுவதும் ஓரிரவுக்குள் அடங்கிற்று. அவ்வோரிரவுக்காக அவர் காத்திருந்த ஆண்டுகளோ பல.

அவ்விரவில் அந்துப்பூச்சி எதுவும் மலரை நாடி வரவில்லை. மனிதர் வரவே அதற்குக் காரணமாயிருக்கலாம் என்று அம்மையார் கவன்றார். வெற்றி பெற்ற இரவிலும் தம் வெற்றியை எண்ணாது மலரின் பேற்றை எண்ணியது அவர்தம் உள்ளம்.

முடிவும் புகழும்

அவ்வாண்டிலேயே அவர்தம் நாட்குறிப்புகள் ஓவியங்களுடன் நூலாக வெளிவந்தன. இலண்டனைச் சார்ந்த கியூ அரச தாவரவியல் தோட்டத்தில் அவர் ஓவியங்களின் காட்சி நடைபெற்றது. அதற்காக இங்கிலாந்து சென்றிருந்தபோது, 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் நாள், கார் விபத்தில் அம்மையார் உயிர் நீத்தார். கொடிய காடும் கரிய ஆறும் ஊறு செய்யாத அவரைப் பிறந்த நாட்டின் சாலை கொண்டு சென்றது.

அவர் விட்டுச்சென்ற செல்வம் ஏறத்தாழ 400 வண்ண ஓவியங்களும், 40 வரைவேடுகளும், 15 நாட்குறிப்பேடுகளும் ஆகும். அமேசான் மலர்களைக் காட்டும் 60 ஓவியங்கள் கியூ தோட்டத்தைச் சேர்ந்தன. அவர் பெயரால் நிறுவப்பட்ட அறக்கட்டளை, பிரேசில் நாட்டு இளம் ஓவியர் கியூவுக்கு வந்து தாவர ஓவியம் பயில உதவியது. பிரித்தானிய அரசு 1976ஆம் ஆண்டே அவர்க்குச் சிறப்புப் பட்டம் வழங்கியிருந்தது. 1994ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ நகரத்துத் திருவிழாவில், பெய்ஜா ஃபுளோர் என்னும் ஆடற்குழுவினர் அவர் வாழ்க்கையையே தம் ஊர்வலத்துக்குப் பொருளாகக் கொண்டு, ‘புரோமீலியாக்களின் பெருமாட்டி’ என்று அவரைப் போற்றினர். வேற்று நாட்டிலிருந்து வந்தவரைப் பொதுமக்கள் தெருவில் பாடி ஆடிக் கொண்டாடினர் எனின், அந்நாடு அவரைத் தன் மகளாக ஏற்றுக்கொண்டது என்பதில் ஐயமில்லை.

அவர் மறைந்த 1988ஆம் ஆண்டு முதலே, பிரேசில் நாட்டு விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அமேசான் காட்டில் ஆண்டுதோறும் எவ்வளவு பரப்பு வெட்டப்படுகின்றது என்பதைச் செயற்கைக்கோள் படங்களால் கணக்கிட்டு வருகின்றது. வானத்தினின்று நோக்கும் அக்கருவி அழிந்த காட்டின் பரப்பைச் சொல்லும். அப்பரப்பில் எந்த மலர் எந்நிறத்தில் பூத்திருந்தது என்பதை, அருகிருந்து நோக்கிய ஒருவரே சொல்ல இயலும். இவ்விரு கணக்கும் உலகுக்கு வேண்டும்.

ஓவியத்தில் தீட்டிய மலர் வாடுவதில்லை. அஃது அக்கலையின் பெருமை. அம்மலர் காய்ப்பதும் இல்லை, வித்திடுவதும் இல்லை; அஃது அக்கலையின் எல்லை. அழிந்த காட்டை எந்தத் தூரிகையாலும் மீண்டும் முளைக்கச் செய்ய முடியாது. மார்கரெட் மீ அம்மையார் இவ்விரண்டையும் அறிந்தவர். அதனாலேயே, ஒரு கையால் மலரை வரைந்துகொண்டே மறு கையால் அது நின்ற மரத்தைக் காக்க முயன்றார். நம் ஊர் வேலியிலும் வரப்பிலும் பெயர் அறியாப் பூக்கள் நாள்தோறும் பூத்து உதிர்கின்றன. அவற்றின் அருகே ஒரு நாழிகை நின்று, இதழை எண்ணி, பெயரைக் கேட்டறிந்து, உள்ளவாறு வரைந்து பார்ப்பவர் அவற்றை எளிதில் மிதித்துச் செல்லமாட்டார்.